வீட்டுக்கு ஒரு ஓட்டு

ஷீலாக்காவை நம்பாதவர்கள் எங்கள் நகரில் யாரும் கிடையாது. ஷீலாக்காவும் எல்லாரையும் நம்புவாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம். தண்ணீர் லாரிக்காரன் காலையிலேயே வருவேன் என்று சொன்னால், காலையிலேயே குடத்தோடு போய் நிற்பாள். வெயில் ஏறி மண்டை காய்ந்த பிறகும், "பாவம், டயர் பஞ்சர் ஆயிருக்கும்" என்பாள். நான் அப்படியில்லை. ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு மேற்கே, மல்லிகா நகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் சித்திகா. அளவு ஜாக்கெட் கொடுத்தாலும் டேப் போட்டு அளக்காமல் துணியில் கத்திரி வைக்க மாட்டேன். ஒருவன் காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தால் அன்றைக்கு முழுதும் எனக்கு அதே யோசனைதான்.

என் கடையை ஒட்டினாற்போல் அவளுடைய இட்லி மாவுக் கடை. இரண்டு கிரைண்டர், ஒரு பழைய ஃப்ரிட்ஜ். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இதே ஊர். இப்போது வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் இந்த இடத்தில் அவளுடைய அப்பா சவுரிமுத்து வேர்க்கடலை போட்டிருந்தாராம். நிலமெல்லாம் பிளாட்டாகிப் போனபோது, மூலை மனை ஒன்றை மட்டும் மகளுக்கு என்று நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் ஷீலாக்கா குடித்தனம். அவள் புருஷன் சுவிசேஷமுத்து அண்ணனுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு ஷெட்டில் வெல்டிங் வேலை. விடியும்போது பைக்கில் போனால் இருட்டும்போது வருவார். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். ஒரே பையன் ஜெபின், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான்.

போன மழையில் எங்கள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. தெருக்கோடியில் இருக்கும் சிறுபாலத்தை எவனோ வீடு இடித்த மண்ணைக் கொட்டி அடைத்து வைத்திருந்தான். அதிகாரிகள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். ஷீலாக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையோடு இறங்கிவிட்டாள். அவள் இறங்கினதைப் பார்த்து நாங்களும் இறங்கினோம். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வடிந்தது. அதிலிருந்து எங்கள் நகரில் தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் மாவுக் கடைக்குத்தான் ஆள் வரும்.

அப்படி இருக்கும்போதுதான், ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்தது. அன்று மாலை ஷீலாக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு என் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"சித்திகா, எனக்கு நிக்கணும்னு ஆசையா கீது. யார்கிட்டயும் சொல்லாத. சிரிப்பாங்க."

"எவன் சிரிப்பான், சொல்லு. பல்லைத் தட்டிடறேன்" என்றேன். அவள் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டு நான் கேட்டதே அதுதான் முதல் முறை.

அக்கம்பக்கத்து நகர்களின் கூட்டமைப்புக்குச் செயலாளர் ஜெயகிருஷ்ணன் சார். டெலிபோன் இலாகாவில் ரிட்டயர் ஆனவர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்றைக்கூட எனக்குக் கடன் கொடுத்ததில்லை. அவர் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கிற கூட்டமைப்பு அறையில் கூட்டம் போட்டார்.

"ஒவ்வொரு தடவையும் நம்ம நகர்களிலிருந்து நாலு பேர் நிக்கறோம். ஓட்டு சிதறுது. சம்பந்தமில்லாத ஒருத்தர் ஜெயிச்சிட்டு அஞ்சு வருஷம் நம்மள திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. அதனால இந்தத் தடவை முதல்ல நமக்குள்ளயே ஒரு தேர்தல். அதுல யார் ஜெயிக்கறாங்களோ அவங்கதான் நம்ம பொது வேட்பாளர். தோத்தவங்க மனு தாக்கல் பண்ணக் கூடாது. அமெரிக்காவுல ஜனாதிபதி வேட்பாளரையே இப்படித்தான் மாநிலம் மாநிலமா ஓட்டுப் போட்டு எடுக்கறாங்க."

"அமெரிக்காவுல லாரித் தண்ணியா சார் புடிக்கறாங்க?" என்று நான் கேட்டேன். பின்வரிசையில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்து விதியைப் படித்தார். வீட்டுக்கு ஒரு ஓட்டு. அதுவும் சொந்த வீட்டுக்காரருக்கு மட்டும். பத்திரத்தில் யார் பெயரோ அவருக்கு. வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கிடையாது. கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஷீலாக்காவிடம் மாவு வாங்குவதில் பாதிப் பேர் வாடகைக்காரர்கள். யாருக்காக இந்த விதி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போட்டியிடுகிறவர்கள் பெயர் வாசிக்கப்பட்டது. ஒன்று ஷீலாக்கா. இன்னொன்று பிரமிளா டீச்சர். பிரமிளா டீச்சர் யாரென்றால் ஜெயகிருஷ்ணன் சாரின் சொந்தத் தம்பி மனைவி!

"பாத்தியா, பாத்தியா" என்று நான் ஷீலாக்காவின் தொடையைக் கிள்ளினேன்.

"ஏன்டி கிள்ற? ஓட்டுப் போட்டுத்தான எடுக்கறாங்க. டீச்சர் நல்லவங்கதான்" என்றாள். போய், தோற்றால் மனு போட மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் வாக்கும் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஒரு சுடிதாரின் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

இனி நம்பி இருந்தால் வேலைக்கு ஆகாது என்று நானே கோதாவில் இறங்கினேன். ஓட்டுப்பெட்டி என்று ஜெயகிருஷ்ணன் சார் கொண்டுவந்தது அவர் வீட்டு முறுக்கு டின். அதைத் தட்டிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன், அடியில் இரட்டைத் தகடு இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினேன். கையில் எண்ணெய்ப் பிசுக்குத்தான் வந்தது. பூட்டு இரண்டு போடச் சொல்லி, ஒரு சாவியை என் கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டேன். மறைப்புக்குத் திரை கேட்டார்கள். லைனிங் துணியை நானே தைத்துக் கொடுத்தேன், வெளிச்சத்தில் நிழல் தெரியாத கனமான துணி.

பெரிய தகராறு மையில் வந்தது. விரலில் வைக்க அவர் ஸ்டாம்ப் பேட் மை வாங்கி வைத்திருந்தார். "சோப்புப் போட்டா போயிடும். ஒரே ஆள் ரெண்டு வாட்டி வருவான்" என்றேன். "அப்ப என்னதான் வைக்கறது?" என்று கத்தினார். நான் அவர் தலையைப் பார்த்தேன். கருகருவென்று இருந்தது. "ஹேர் டை வைங்க சார். நகக்கண்ணுல ஏறிச்சுன்னா ஒரு வாரத்துக்கு அல்லா வந்தாலும் போகாது. உங்களுக்குத் தெரியாததா?" அறையில் இருந்த ஆண்கள் எல்லாரும் தத்தம் தலையைத் தடவிக்கொண்டார்கள். ஹேர் டை என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு நடந்தது. வழக்கமாகக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எப்படி வருவார்களோ அப்படித்தான் வந்தார்கள். கையில் பேப்பர், வேட்டி அல்லது முக்கால் பேண்ட், ஆண்கள், ஆண்கள், ஆண்கள். பெண்கள் கறிக்கடைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டு, "ஷீலாக்கா, எங்க வூட்டு ஓட்டு உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். நான் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஹனீஃபா வந்து, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு, ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். மதியம் லுஹர் தொழுகைக்கு வீட்டுக்கு ஓடியபோது மட்டும் ஷீலாக்காவைப் பெட்டிப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"அண்ணன் வந்தாரா?" என்று திரும்பி வந்து கேட்டேன்.

"காலையிலயே போட்டுட்டேன்னாரு. நான் மாவு கட்டிக்கினு இருந்தேன், பாக்கல" என்றாள். என் கண் பெட்டி மேலேயே இருந்ததில் ஆள் முகம் தப்பியிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எண்ணினார்கள். எல்லாச் சீட்டையும் நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் அடுக்க விட்டேன். ஷீலாக்காவுக்கு அறுபத்தெட்டு. பிரமிளா டீச்சருக்கு அறுபத்தெட்டு.

ஜெயகிருஷ்ணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமமாக வந்தால், போடாத வீடுகள் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் போடலாம் என்று விதியில் ஏற்கெனவே எழுதியிருந்தது. போடாத வீடுகளின் பெயரை வாசித்தார். முக்கால்வாசி பூட்டிக் கிடக்கிற வீடுகள், பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருப்பவர்கள். ஆள் இருந்தும் போடாத வீடு ஒன்றே ஒன்றுதான்.

"சுவிசேஷமுத்து" என்று வாசித்துவிட்டு அவர் நிமிரவே இல்லை.

"தப்பா படிக்கிறீங்க" என்று நான் பாய்ந்தேன். ஷீலாக்கா எழுந்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அண்ணன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஷீலாக்கா அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் வெல்டிங் கரி இருந்தது. டை இல்லை.

"போட்டேன்னு சொன்னீங்களே."

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லியா? வாங்க, இன்னும் டைம் கீது. உங்க ஒரு ஓட்டுதான். போட்டா நான்தான்."

"நீ ஜெயிப்பேன்னு தெரியும். அதான் போகல" என்றார்.

எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன்! முறுக்கு டின்னைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்த மனிதரை ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லையே.

"ஏங்க?" என்றாள் ஷீலாக்கா.

அவர் அன்றுதான் சேர்ந்தாற்போல் பேசினார். "ஷெட்ல எனக்குப் பின்னாடி வந்தவன்லாம் என்னை 'டேய் முத்து'ன்றான். தலையை ஆட்டிக்கினு வேலை பாக்கறேன். சாயங்காலம் வூட்டுக்கு வந்தா இது என் வூடு, நீ என் பொண்டாட்டி, அவ்ளோதான் எனக்கு. நாளைக்கு நீ பிரசிடெண்ட் ஆயிட்டா வாசல்ல ஜீப் நிக்கும், உள்ள ஆளுங்க உக்காந்துகினு இருப்பாங்க. நான் வந்தா, 'யாருய்யா நீ'ன்னு கேப்பாங்க. 'பிரசிடெண்டம்மா புருஷன்'னு நான் சொல்லணும். முடியாது ஷீலா. டீச்சருக்கு போட மனசு வரல. உனக்கும் போட முடியல. அதான் போகல."

சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. ஷீலாக்கா பிடித்திருந்த அவர் கையை விட்டாள்.

"இது யாரு வூடு?" என்று கேட்டாள்.

"இன்னா?"

"உங்க வூடுன்னீங்களே. எங்கப்பா யாரு பேர்ல எழுதி வெச்சாரு?"

அவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். எனக்கும் அப்போதுதான் மண்டையில் அடித்தாற்போல் இருந்தது. பத்திரத்தில் யார் பெயரோ அவருக்கு ஓட்டு! அந்த விதியை வாசித்தபோது நானும் கேட்டேன், ஷீலாக்காவும் கேட்டாள், நகரே கேட்டது. இருந்தும் வீட்டு ஓட்டு என்றால் புருஷன் போடுவது என்று எங்கள் எல்லார் தலையிலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்து ஷீலாக்கா அதைச் சொன்னதும் ஜெயகிருஷ்ணன் சார் தடுமாறினார். "அது வந்து, உரிமையாளர்னா பொதுவா குடும்பத் தலைவர்னு..."

"இன்னா சார் பொதுவா?" என்று நான் பிடித்துக்கொண்டேன். "வாடகைக்காரங்களுக்கு ஓட்டு இல்லைன்றப்ப பத்திரம் பத்திரம்னு குதிச்சீங்களே. அப்ப அந்தப் பத்திரத்தைப் பாருங்க!" சொல்லி முடிப்பதற்குள் எனக்கே ஒன்று உறைத்தது. "ஐயோ, எங்க வூடும் என் பேர்லதான கீது!"

ஹனீஃபா ஒரு கடை நடத்தி நஷ்டப்பட்ட காலத்தில், கடன்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று வீட்டை என் பெயருக்கு எழுதியிருந்தார். அவர் மட்டுமா? ஆபீஸுக்குத் தெரியக்கூடாது என்று பெண்டாட்டி பெயரில் வாங்கியவர்கள், உன் பெயரில் சொத்து தங்காது என்று ஜோசியன் சொன்னதால் எழுதியவர்கள், தம்பி பங்கு கேட்பானோ என்று பயந்து எழுதியவர்கள். எங்கள் நகர் ஆண்களுக்கு ஊரெல்லாம் சந்தேகம். அந்தச் சந்தேகத்தில்தான் பாதி வீடுகள் பெண்கள் பெயரில் நின்றன. அந்தப் பெண்கள் காலையில் கறி வாங்கப் போயிருந்தார்கள், அவர்களுடைய ஓட்டைப் புருஷன்மார் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

சத்தம் கேட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்த ஜெயகிருஷ்ணன் சாரின் மனைவி ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, நம்ம வீடும் என் பேர்லதானே?" என்று கேட்டார். அந்த மனிதர் முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எங்கள் இருவரையும் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டார். "ஷீலா மேடம், உங்க வீட்டு ஓட்டு உங்களோடதுதான். ஒத்துக்கறேன். நீங்க போடுங்க, நீங்கதான் வேட்பாளர், முடிஞ்சது. மத்த வீட்டு விஷயத்தைக் கிளற வேணாம். மறுபடி ஆரம்பத்திலிருந்து நடத்தினா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது."

"அக்கா, போட்டுடு" என்று நான் அவள் காதில் சொன்னேன். "கைக்கு வந்தாச்சு. விடாத."

ஷீலாக்கா தலையை ஆட்டினாள். "வேணாம். அவரு குடுக்க மாட்டேன்னதை அவரு கையிலேருந்து புடுங்கி நான் ஜெயிக்கணுமா? எல்லா வூட்டுப் பொம்பளைங்களும் வந்து போடட்டும். அப்ப தோத்தா தோத்துட்டுப் போறேன்."

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். அவள் கேட்கவில்லை. கூட்டத்துக்குள் போய், நடந்த தேர்தல் செல்லாது, அடுத்த ஞாயிறு மறுபடியும் நடக்கணும் என்று சொன்னாள். ஜெயகிருஷ்ணன் சார் நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. பேனாவை எடுத்து, "பத்திரத்தோட ஜெராக்ஸ் கொண்டு வரணும்" என்று எழுதி ஒட்டினார். அவரை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை, அது எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது ஹனீஃபாவைக் கேட்டேன். "யாருக்குப் போட்டீங்க?"

"அதெல்லாம் ரகசியம்" என்றார்.

"தட்டுல குழம்பு விழணுமா வேணாமா?"

கொஞ்சம் முழித்தார். "டீச்சர் நம்ம பொண்ணு ருக்ஸானாவுக்கு ஃபீஸ் வாங்காம டியூஷன் எடுக்கறாங்க. நீ ஷீலாவோட ஃப்ரெண்டு, உன்னால மாறிப் போட முடியாது. அதான் நான் போட்டேன்."

சட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனேன். என் வீட்டில், என் பெயரில் இருக்கிற வீட்டில், எனக்குத் தெரியாமல் என் ஓட்டு! "எங்க வூட்டு ஓட்டு உனக்குத்தான்" என்று ஷீலாக்காவிடம் சொல்லிவிட்டு ஓடிய எத்தனை பேருக்கு இப்படி ஆகியிருக்கும்!

அந்த வாரம் முழுதும் நகரில் யாரும் யாரையும் நம்பவில்லை. புருஷன்மார் திடீரென்று பாத்திரம் கழுவினார்கள். பெண்கள் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துத் தங்கள் பெயரை ஒரு முறை படித்துப் பார்த்தார்கள். சுவிசேஷமுத்து அண்ணனும் ஷீலாக்காவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர் வேலைக்குப் போனார், வந்தார். அவள் தட்டை வைத்தாள், எடுத்தாள். மாவு மட்டும் வழக்கம்போல் பொங்கியது.

மறு ஞாயிறு ஓட்டு நடந்தபோது வரிசை தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வளைந்துபோனது. பெண்கள் எல்லாரும் ஷீலாக்காவுக்கே குத்துவார்கள் என்று நினைத்தேன். எங்கே! பிரமிளா டீச்சரிடம் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறவர்கள் அவருக்குப் போட்டார்கள். மாவுக் கடைக்காரிக்கு இங்கிலீஷ் வருமா என்று என் காதுபடவே இரண்டு பேர் பேசினார்கள். கடைசிக் கட்டு எண்ணும்வரை எனக்கு உயிர் இல்லை. பதினொரு ஓட்டில் ஷீலாக்கா ஜெயித்தாள். பிரமிளா டீச்சர் வந்து அவளைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்காக வீடு வீடா நான் வரேன்" என்றார். எதற்குச் சிரிக்கிறார் என்று பார்த்தேன். நிஜமாகத்தான் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அண்ணன் கடை வாசலில் வந்து நின்றார். கிரைண்டர் சத்தத்தில் முதலில் அவர் பேசியது கேட்கவில்லை. ஷீலாக்கா சுவிட்சை அணைத்தாள்.

"மனுவுல முன்மொழியறதுக்கு ஒரு ஆள் கையெழுத்து போடணுமாமே. நான் போடட்டா?"

அவள் கையிலிருந்த மாவை வழித்துப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள். "உங்களை நம்பணும்னு ஆசையாத்தான் கீது. இன்னும் வரல. சித்திகா போடட்டும். நீங்க வேணும்னா கூட வாங்க."

எல்லாரையும் நம்புகிற ஷீலாக்கா சொன்ன வார்த்தை அது.

மனு தாக்கல் அன்று அவர் ஷெட்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்த அலுவலர் தலையைத் தூக்காமல், "தகப்பனார் பேரா, கணவர் பேரா? எதை எழுதறது?" என்று கேட்டார். ஷீலாக்கா திரும்பிப் பார்த்தாள். சுவிசேஷமுத்து அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார், சட்டைப் பொத்தானை மேல் வரைக்கும் போட்டிருந்தார். அவர் பெயரைத்தான் சொல்லப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஓரடி முன்னால் வந்தார்.

"சவுரிமுத்து, சார்" என்றாள்.

அலுவலர் எழுதினார். அண்ணன் அங்கேயே நின்றார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. எல்லாம் முடிந்து நாங்கள் எழுந்தபோது வாசலில் ஒருவர் அவரை வழிமறித்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

"ஷீலாவோட வூட்டுக்காரரு" என்றார் சுவிசேஷமுத்து அண்ணன்.